பிறந்தநாள் சாப்பாடா, மாதம் ஆயிரமா, பரீட்சை எழுதித் தருவதா?

நண்பர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். மகளுக்குப் பத்து வயது முடிகிறது. ஹால் பிடித்துக் கொண்டாட வைத்திருந்த பதினைந்தாயிரம் ரூபாயை இந்த வருஷம் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறார்கள். "இல்லத்துல ஒருவேளை சாப்பாடு போடவா, யாருக்காவது வீல்சேர் வாங்கித் தரவா, இல்ல பணமாவே கொடுத்துடவா? நீதான் இதுல சுத்திக்கிட்டு இருக்கியே, சொல்லு."

நான் பெரிதாக ஒன்றும் சுற்றவில்லை. சில வருஷங்களாகப் பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிறேன். அந்த வழியில் சில இல்லங்களும் அமைப்புகளும் பழக்கம். ஆனால் இதே கேள்வி வருஷத்துக்கு நாலு பேரிடமிருந்தாவது வருகிறது. ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொல்வதை ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இது.

## எதை வைத்து எடைபோடுவது?

எது நல்லது என்று கேட்டால் எல்லாமே நல்லதுதான். அப்படியே விட்டால் கடைசியில் எது சுலபமோ அதைத்தான் செய்வோம். நான் நாலு கேள்வி வைத்திருக்கிறேன்.

இது வேண்டும் என்று கேட்டது யார், அவர்களா நாமா? பாதியில் நாம் விட்டுவிட்டால் யாருக்கு நஷ்டம்? கொடுத்த பிறகு வரும் செலவு யார் தலையில் விழும்? வாங்குகிறவர் நம் எதிரில் நின்று நன்றி சொல்லியே ஆக வேண்டுமா? நாலாவது கேள்வியைப் பலர் சில்லறை விஷயமாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல்.

இன்னொன்று. மாற்றுத்திறனாளி என்றதும் சக்கர நாற்காலியும் கறுப்புக் கண்ணாடியும்தான் நமக்கு மனசில் வரும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், தசைச்சிதைவு, ஹீமோபிலியா, பார்கின்சன், மனநோய், ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோர் இல்லங்களில் இல்லை. நம் தெருவில், கதவு சாத்திய வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

| வழி | நாம் கொடுப்பது | வெளியே தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| இல்லத்தில் சாப்பாடு | ஒருநாள் பணம் | அவர்கள் காத்திருக்கும் நேரம், வீணாகும் உணவு | நாள் விட்டுக் கொடுக்கத் தயாராக இருப்பவர் |
| மாதாமாதம் பணம் | சிறு தொகை, தொடர்ந்து | அமைப்பை விசாரிக்கும் வேலை | நேரமே இல்லாதவர் |
| உபகரணம் | பெருந்தொகை | அளவு, ரிப்பேர், பேட்டரி | பயன்படுத்துபவரை நேரில் தெரிந்தவர் |
| பரீட்சை எழுதுவது | வேலைநாளில் அரைநாள் | நாம் வராவிட்டால் ஒரு செமஸ்டர் | லீவு எடுக்க முடிந்தவர், ஓய்வுபெற்றவர் |
| புத்தகம் தட்டச்சு, ஒலிப்பதிவு | ராத்திரி ஒருமணி நேரம் | பாதியில் நின்ற புத்தகம் | வீட்டை விட்டு வர முடியாதவர் |
| பக்கத்து வீட்டுக்குத் துணை | அலைச்சல் | இரு குடும்பத்துக்கும் நடுவே வரும் எதிர்பார்ப்பு | ஊரிலேயே இருப்பவர் |

## இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு

தமிழ்நாட்டில் அதிகம் நடப்பது இதுதான். பிறந்தநாள், திருமணநாள், அப்பாவின் திதி. அன்னதானம் நம் ரத்தத்தில் இருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் இருக்கும் இல்லம். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. வரவேண்டிய குடும்பம் ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. தட்டு போட்டு, இலைத்துண்டு வைத்து, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருமணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. ஒரு பையன் வெறும் தட்டை வழித்து வழித்து நக்கிக்கொண்டிருந்தான். ஒன்றே முக்காலுக்குக் கேக்கோடு வந்தார்கள். முதலில் பாட்டு, அப்புறம் கேக் வெட்டு, அப்புறம் போட்டோ. இரண்டேகாலுக்குச் சோறு. குடும்பத்தார் நல்லவர்கள்தான், கண் கலங்கிப்போய்த்தான் கிளம்பினார்கள். நாங்கள் பேசாமல் இருந்ததும் தப்புதான்.

இல்லம் நடத்துகிறவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்கள் நோட்டைப் பார்த்தால் தெரியும். ஜனவரி 1, தீபாவளி, ஞாயிறுகள் எல்லாம் முன்கூட்டியே புக் ஆகிவிடும். ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கும். நல்ல நாளில் இரண்டு தரப்புப் பிரியாணி வந்து ஒன்று வீணாகும். அதே இல்லத்தில் பெரியவர்களுக்கான டயப்பர், வலிப்பு மாத்திரை, ராத்திரி ஷிஃப்ட் ஆயாம்மா சம்பளம் இதற்கெல்லாம் ஆள் கிடைக்க மாட்டார்கள். டயப்பர் முன்னால் நின்று யாரும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லையே.

போட்டோ என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். காப்பகத்தில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடுதான் சரி என்று வரும் சந்தர்ப்பமும் உண்டு. இல்லமே "இந்தத் தேதியில் ஆள் இல்லை" என்று சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள். நாள், மெனு இரண்டையும் அவர்கள் முடிவுக்கு விட்டுவிடுங்கள். திதிக்குச் செய்தே ஆக வேண்டும் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு நேரில் போகாமலும் இருக்கலாம். சோறு அப்பா பெயரில்தான் போகும்.

## மாதாமாதம் பணம்

நேரமே இல்லாதவர்களுக்கு நான் கூச்சமில்லாமல் சொல்வது இதைத்தான். பலருக்கு இது உப்புச்சப்பில்லாமல் தெரியும். பதினைந்தாயிரத்தை ஒரே நாளில் கொடுத்தால் வரும் சந்தோஷம், மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பது கணக்கிலிருந்து சத்தமில்லாமல் போவதில் வராது. ஆனால் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் சிறப்பாசிரியருக்கும் சம்பளம் மாதாமாதம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, பணமில்லை என்று இரண்டு மாதம் நிறுத்தினால், சேர்த்ததில் பாதி போய்விடும்.

எந்த அமைப்பு என்பதில்தான் உண்மையான வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்த 2016 சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும், அதை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியும் வைக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் கேளுங்கள், முகம் சுளிக்காமல் தருகிறார்களா என்று பாருங்கள். அப்புறம் நான் ஒன்று கேட்பேன். இங்கே முடிவெடுக்கும் இடத்தில் மாற்றுத்திறனாளிகள் யாராவது இருக்கிறார்களா?

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம் இதற்கு நல்ல உதாரணம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது அது. பிறகு அதில் சேர்ந்து நடத்திய எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு உள்ளவர், ஆடிட்டர். சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர், மனநோயோடு தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய பேனியன் என்று பெயர்பெற்றவை வேறும் உண்டு. பேனியன்காரர்கள் பல வருஷம் காப்பகத்திலேயே கிடந்தவர்களைச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்துக் குடிவைக்கிறார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு வாடகையும் கரண்ட் பில்லும்தான் தேவை. யார் பிறந்தநாளுக்கும் அது பொருந்தாது.

பெரிய பெயர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. அவர்களுக்குக் கம்பெனிப் பணமும் வரும். தாலுகா ஊரில் இருபது பிள்ளைகளை வைத்து நடக்கும் சிறப்புப் பள்ளிக்கு உங்கள் ஆயிரம் எடை கூடியது. ஆனால் அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

வரிக்கழிவு பற்றிப் பலர் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். 80ஜி என்று நாம் பழகிய அந்தச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். அதிலும் இந்த மாதிரி அமைப்புகளுக்குப் பொதுவாகக் கொடுத்ததில் பாதிதான் வருமானத்தில் கழியும். 20 சதவீத வரி கட்டுபவர் ஆயிரம் கொடுத்தால் கையில் மிஞ்சுவது நூறு ரூபாய்ச் சொச்சம். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தாலோ, அரிசி மூட்டையாக, நாற்காலியாகக் கொடுத்தாலோ அதுவும் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் உங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாகச் சாதாரணமாக அனுப்பலாம். குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை வைத்திருந்தால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்புதான் வாங்க முடியும். தெரியாமல் அனுப்பினால் மாட்டிக்கொள்வது நீங்கள் அல்ல, வாங்கிய சின்ன அமைப்பு.

## உபகரணம் வாங்கித் தருவது

நண்பரின் மனசில் இருந்தது வீல்சேர். மேடை, மாலை, பத்து நாற்காலி, பின்னால் ஃப்ளெக்ஸ். இந்தக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நாற்காலிகளில் எத்தனை ஆறு மாதம் கழித்து ஓடுகின்றன என்று போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

செருப்பு வாங்கும்போது கால் அளவு கேட்கிறோம். நாள் முழுக்க உட்காரும் நாற்காலிக்கு ஏன் கேட்பதில்லை? ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும் மடக்கு நாற்காலி ஆளைத் தள்ளிக்கொண்டு போக மட்டும்தான். அதில் எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்தால் ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து முதுகெலும்பு வளையும். தண்டுவடம் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. சரியான குஷன் இல்லாத நாற்காலியில் புண் வருவதே அவருக்குத் தெரியாது. அந்தப் புண் ஆழமாகிப் போனவர்களும் உண்டு. உயிரையே எடுத்துவிடும் புண் அது. நாற்காலியை ஆளுக்கு ஏற்ற அளவில் செய்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் உருவான நியோஃப்ளை அப்படிப்பட்டது.

நாற்காலி சரியாக அமைந்தாலும் வீட்டு நிலைப்படி இருக்கிறது. பாத்ரூம் கதவு இரண்டடி. வெளியே வந்தால் சாக்கடை மூடி.

அதோடு, நாற்காலி, மூன்று சக்கர வண்டி, காதொலிக் கருவி, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் எல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கும். மத்திய அரசின் திட்டத்தில், கான்பூரில் உள்ள அரசு உபகரண நிறுவனமான அலிம்கோவின் தயாரிப்புகளும் வருகின்றன. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் கிடைக்கும். கிடைக்காதது அதற்குப் பின்னால் வரும் செலவுக்குப் பணம். காது கேட்காத குழந்தைக்கு உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் அறுவை சிகிச்சை அரசுக் காப்பீட்டில் முடிந்துவிடும். வெளியே மாட்டும் கருவியின் கேபிள் அறுந்துபோனால், பேட்டரி தீர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு அன்றிலிருந்து பள்ளிக்கூடம் மௌனம்.

அதனால் பொருள்தான் கொடுப்பேன் என்பவர்களுக்கு என் யோசனை: அரசு கொடுத்த பொருளை ஓட வைக்கக் கொடுங்கள். டயர், ட்யூப், குஷன், பேட்டரி, வாசலில் ஒரு சாய்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி. கொத்தனார் கூலி கொடுத்தவருக்கு மாலை போட மாட்டார்கள்தான். புது நாற்காலியே வாங்க வேண்டியிருந்தால், உட்காரப்போகிறவரையும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள்.

## பரீட்சை எழுதித் தருவது

இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல, அவர் விடையை நாம் எழுத வேண்டும். ஸ்கிரைப் என்பார்கள். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரப் பரீட்சை நாலு மணி நேரம் நடக்கும். போகவர, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்க என்று சேர்த்தால் காலை எட்டுக்குக் கிளம்பியவர் மதியம் மூன்றுக்கு வீடு திரும்புவார். அதுவும் வேலைநாளில். தட்டுப்பாடே அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை சேவை செய்ய ஊரே தயாராக இருக்கிறது, ஏப்ரல் மாதத்துப் புதன்கிழமைக்கு ஆள் இல்லை.

முதல் தடவை போனபோது சங்க இலக்கியப் பேப்பர். முதுகலை மாணவர். நான் வேகமாக எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு பத்தி சொல்லிவிட்டு நிறுத்தி, "வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றார். வாசித்தேன். "மூணாவது வரில 'எனவே' போட்டிருக்கீங்க. நான் 'ஆனால்'னுதான் சொன்னேன்." எனக்கு 'எனவே' சரியாகப் பட்டிருக்கிறது, கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு மாற்றினேன். அப்புறம் அவர் சொன்னபடி மட்டும் எழுதினேன், தப்பு என்று எனக்குத் தெரிந்த ஓர் ஆண்டைக்கூட. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அது அவர் பரீட்சை.

பழக வேண்டிய நெளிவுசுளிவுகள் சில உண்டு. கேள்வித்தாளை முழுக்க ஒருமுறை வாசித்துவிட்டு, எதை முதலில் எழுதலாம் என்று அவரைக் கேட்க வேண்டும். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் நாலையும் ஒரே குரலில் படிக்க வேண்டும், கவனமாக இல்லாவிட்டால் சரியான விடையில் நம் குரல் தானாக ஏறி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மீதி நேரத்தைக் கால்மணிக்கு ஒருமுறை சொல்ல வேண்டும்.

தகுதி விதி ஒன்று இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதலில், தேர்வர் தானே கூட்டிவரும் எழுத்தர் அவரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். இதெல்லாம் தேர்வுக்குத் தேர்வு மாறும், அவ்வப்போது திருத்துவார்கள். அந்தந்தத் தேர்வின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருப்பவரைவிடக் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் உங்கள் மகன் இங்கே அதிகம் தேவைப்படலாம்.

பாதியில் விட்டால் யாருக்கு நஷ்டம் என்ற இரண்டாவது கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். சாப்பாடு போடுவதாகச் சொல்லிவிட்டு வராமல்போனால் இல்லத்தில் சாம்பார் வைத்துச் சமாளிப்பார்கள். பரீட்சைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் காலை ஏழரைக்குக் "கொஞ்சம் காய்ச்சலா இருக்கு" என்று போன் செய்தால் அவருக்கு அந்தப் பேப்பர் அரியர். அதனால் "முடிஞ்சா வரேன்" என்கிற ஆள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது. கையெழுத்து அழகாக இருப்பதைவிட அலாரம் வைத்து எழுந்திருப்பது முக்கியம். உடம்பு சரியில்லாமல்போனால் அனுப்ப இன்னொருவரைக் கையில் வைத்திருங்கள்.

எங்கே கேட்பது? பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்லூரியிலும் துறைத்தலைவரைக் கேட்டால் போதும். சென்னையில் மாநிலக் கல்லூரி மாதிரி இடங்களில் தேவை நிறைய. ஒருதடவை போனால் அடுத்த செமஸ்டரில் அவர்களே கூப்பிடுவார்கள்.

## வீட்டிலிருந்து தட்டச்சும் ஒலிப்பதிவும்

கைக்குழந்தையோடு இருப்பவர்கள், வெளியூரில் இருப்பவர்களுக்கு இது தோதானது. சட்டமும் சாதகம்தான். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காகப் புத்தகத்தை மாற்றித் தருவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அனுமதிக்கிறது. இதற்கான மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையில் முதலில் உறுதிசெய்து சேர்ந்த நாடு இந்தியா, 2014-இல். 2016 முதல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது.

குரல் நன்றாக இருக்கிறது என்று ஒலிப்பதிவுக்கு வருபவர்கள்தான் அதிகம். மாணவர்களைக் கேட்டால் பலர் எழுத்துக் கோப்பைத்தான் விரும்புகிறார்கள். அதில் தேடலாம், வேண்டிய வேகத்தில் கேட்கலாம், எழுத்துக்கூட்டும் தெரியும். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் தமிழையும் வாசித்துக் காட்டும், கோப்பு யூனிகோடில் இருந்தால். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கைடு நோட்ஸைக் கொடுத்தால் அது ஜிலேபி சுற்றும். பழைய கோப்பை யூனிகோடாக்கிப் பிழை திருத்தித் தருவது சலிப்பான வேலைதான், பத்து நிமிஷ ஒலிப்பதிவைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

ஒன்றே ஒன்று. மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோன புத்தகத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. முப்பது பக்கம் எடுத்துக்கொண்டு முடித்துவிட்டு அடுத்த முப்பதைக் கேளுங்கள்.

## பக்கத்து வீட்டுக்குத் துணை

இதை யாரும் சேவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ரசீதும் கிடையாது. ஆனால் பதினெட்டு வயது ஆட்டிசப் பிள்ளையை வைத்திருக்கும் அம்மாவிடம் "என்ன வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பணம் என்று சொல்வதற்கு முன்னால், "ரெண்டு மணி நேரம் யாராவது இவன்கூட இருந்தா தலைக்குக் குளிச்சுட்டு, பேங்குக்குப் போயிட்டு வந்துடுவேன்" என்பார்.

அப்புறம் காகித வேலை. தேசிய அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பம், அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவக் குழு உட்காரும் நாளுக்குப் போவது, உதவித்தொகை மனு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டியிருக்கும். பெற்ற தாய்க்கே இது தேவைப்படும் என்பது பல வீடுகளில் பேங்க் கவுன்ட்டரில்தான் தெரியவருகிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், கேள்விப்பட்டவர்கள் குறைவு. இரண்டு நாள் லீவும் ஒரு ஜெராக்ஸ் கட்டும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குப் பல வருஷம் தாங்கும்.

இதில் வரும் சிக்கல் எல்லைதான். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் என்றால் அதையே சொல்லி ஆரம்பியுங்கள். "எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாதம் போனை எடுக்காமல் இருப்பது ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட மோசம்.

## நண்பர் என்ன செய்தார்?

அவருக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பரீட்சையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இல்லத்துக்குப் போன் போட்டு, "சாப்பாடுன்னு ஆரம்பிக்காம, என்ன குறையா இருக்குன்னு மட்டும் கேளுங்க" என்றேன். கேட்டிருக்கிறார். அந்தத் தேதிக்கு ஏற்கனவே ஒருவர் சாப்பாடு சொல்லியிருந்தாராம். நிர்வாகி அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, வாஷிங் மெஷின் நின்று மூன்று வாரமாகிறது, படுக்கை விரிப்பெல்லாம் கையால்தான் துவைக்கிறோம் என்றாராம். மெக்கானிக் வந்து பார்த்ததில் மோட்டார், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். மீதி 11,200. மாதம் ஆயிரம் கொடுத்தால் பதினோரு மாதம் வரும், இருநூறு மிஞ்சும் என்று கணக்குப் போட்டவள் மகள். அந்த இருநூறில் தனக்கு ஒரு ஐஸ்கிரீம் உண்டா என்றும் கேட்டாளாம்.